திட்டி வளர்த்த சாமி

பெரேக்யாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் காதல் வந்தது. சும்மா வரவில்லை, செக்கில் கட்டிய கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு சந்தைக்குள் புகுந்த மாதிரி வந்தது.

பேத்-ஸெய்த்தா ஊரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர் அவர். ஒலிவ எண்ணெய் அவர் தாடியிலிருந்தே சொட்டும். ஜெபாலயத்தில் அவர் உட்கார்ந்து எழுந்த பலகையில் அடுத்தவன் உட்கார்ந்தால் வாசல்வரை வழுக்கிக்கொண்டே போய்விடுவான். அவர் மனசைப் பறித்த தபித்தாவோ ஏரி மீனை உப்பிலிட்டு விற்பவள். அவள் தெருமுனை திரும்புவதற்கு முன்பே பூனைகளின் ஊர்வலம் வந்துவிடும். ரோமாபுரிப் படை ஒருமுறை அந்த வழியாகப் போனபோது, காற்று அவள் வீட்டுப் பக்கமிருந்து அடித்ததால் படையே வேறு சாலையில் போனது என்று ஊரில் சொல்வார்கள். வாசனை விஷயத்தில் ஒருவர் மற்றவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு இந்த ஒரு பொருத்தம் போதாதா?

இருவருமே துணையை இழந்தவர்கள். பெரேக்யா தொண்டையைக் கனைத்து, தாடியைத் துடைத்து, கேட்டே விட்டார். தபித்தா கையிலிருந்த மீனைச் செதில் சீவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கட்டிக்கலாம். ஆனா எங்க அண்ணன்கிட்ட நீங்கதான் பேசணும். நான் போய்க் கேட்டா அவன் உபதேசத்தை ஆரம்பிச்சிருவான். முடியறதுக்குள்ள மீன் கெட்டுப்போயிரும்."

"அவர் மாட்டேன்னுட்டா?"

"அவன் வந்து நிக்காத கல்யாணத்துல நான் நிக்கமாட்டேன். எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். கழுத்தறுப்புதான், ஆனா என் கழுத்தறுப்பு."

அண்ணன் மத்தனியாதான் ஜெபாலயத்துக்கு மேற்பார்வை. அவ்வளவு ஆசாரமான மனிதரைக் கலிலேயா கண்டதில்லை. அவர் வீட்டுக் கோழி ஓய்வுநாளில் முட்டையிட்டுவிட்டால் அடுத்த ஓய்வுநாள்வரை அதனோடு பேசமாட்டார். தன் நிழல் தவறிப்போய் ஏதாவது விக்கிரகத்தின் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்து, நிழல் காலடியில் சுருங்கும் நடுப்பகலில்தான், சிலைகள் நிறைந்த பெத்செயான் பட்டணத்துப் பக்கமே போவார். அப்படிப்பட்டவரிடம்தான் பெண் கேட்க வேண்டும்.

பெரேக்யா யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தனியா தன் திராட்சைத் தோட்டத்துக்கு நடக்கும்போது கூடவே நடப்பது. வழியில் தன் பக்தியை அவர் கண்ணில் படும்படி காட்டுவது. பிறகு கேட்பது.

பக்தியைக் காட்ட அந்தச் சாலையில் அருமையான இடம் ஒன்று இருந்தது. பெத்செயான் சாலை திரும்பும் முனையில் புறசாதியாரின் சாமி ஒன்று. இரண்டு கல்லை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லை வைத்து, எந்தக் காலத்திலோ எவனோ ஆரம்பித்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் விக்கிரகத்தின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால் ஊரில் எவரும் அதைச் சொன்னதில்லை. 'அந்த அருவருப்பு' என்பார்கள், அவ்வளவுதான். அதைக் கடக்கும்போது முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு, "சீ" என்று சொல்லி, ஒரு கல்லை அதன்மேல் விட்டெறிந்துவிட்டு ஓடிவிட வேண்டும். இது பாட்டன் காலத்துப் பழக்கம். புறசாதியார் கும்பிடுவதைக் கண்ணால் பார்ப்பதும் கூடாது என்பதால் ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்காததால் அந்தச் சாமியை அவர்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

முழங்கால் உயரத்தில் ஆரம்பித்த சாமி, பேத்-ஸெய்த்தாவின் கோபத்தைத் தின்று தின்று வளர்ந்தது. இப்போது அதன் பின்னால் ஒட்டகம் நின்றால் திமில் தெரியாது. உச்சியில் ஏறினால் ஏரிக்கு அக்கரையில் யார் வீட்டுத் துணி காய்கிறது என்று சொல்லிவிடலாம். சுற்று வட்டாரத்து வயல்களில் ஒரு கல் மிச்சமில்லை. கலப்பை வெண்ணெயில் போவதுபோலப் போகும். எறியக் கல் கிடைக்காமல் சிலர் வீட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள்.

அன்றைக்குப் பெரேக்யா அப்படித்தான் கொண்டுவந்தார். செக்குக்குப் பக்கத்தில் கிடந்த கல், வழவழப்பாக, ஒரு பெரிய ரொட்டி அளவுக்கு. மத்தனியா நாலடி தள்ளி நின்று மேலங்கியின் குஞ்சங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெரேக்யா அவர் காதில் விழும்படி ஊரே அதிர "சீ" என்றார். எறிந்தார். எண்ணெய்க் கை அல்லவா, கல் நினைத்ததைவிட உயரமாக வழுக்கிப் போய், குவியலின் உச்சியில், கொத்தனார் வைத்ததுபோல, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

மற்ற நாளாக இருந்தால் ஓடியிருப்பார். வருங்கால மைத்துனர் பார்க்கட்டும் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அப்படி நின்றதுதான் வினை.

குவியலுக்குப் பின்னாலிருந்து கையைத் தட்டிக்கொண்டே ஒருவன் ஓடி வந்தான். நிக்கியாஸ். படையில் கோவேறு கழுதை ஓட்டி ஓய்வுபெற்றவன். குவியலுக்குப் பின்னால் குடிசை போட்டு, கோழி வளர்த்துக்கொண்டு, சாமியையும் பார்த்துக்கொள்கிறவன். விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பெரேக்யாவின் செக்குக்கு வருவான்.

"அண்ணே, நீங்கதானா அது?" என்று பெரேக்யாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். "உச்சியில உக்கார வச்சீங்களே, என் ஆயுசுல பாத்ததில்ல. உங்க ஊர் ஆளுங்க எல்லாம் போட்டுட்டுப் போட்டுட்டு ஓடிருவாங்க. மொகத்தைக்கூடப் பாக்க முடியாது. அதான் உங்க மொறை போலன்னு நானும் கூச்சப்பட்டுக்கிட்டு உள்ளயே இருந்துருவேன்."

"எது மொறை?" என்றார் பெரேக்யா.

"பூசை மொறை."

"எது பூசை?"

"கல்லு போடறதுதான். மெர்குலிஸ் சாமிக்கு வேற என்ன பூசை இருக்கு? வழிப்போக்கன் ஆளுக்கொரு கல்லு போடணும். பூ வேணாம், புகை வேணாம், கல்லு போதும். எங்க ஆளுங்களே இப்பல்லாம் சோம்பேறியாயிட்டானுங்க அண்ணே. உங்க ஊரு இல்லேன்னா இந்தச் சாமி எப்பவோ பட்டினி கெடந்து செத்திருக்கும்."

பெரேக்யாவின் தாடியிலிருந்து எண்ணெய் சொட்டுவது நின்றது. மத்தனியாவின் முகம் முதலில் சுண்ணாம்பாக வெளுத்தது. பிறகு மாதுளம்பழமாகச் சிவந்தது.

"என் தங்கச்சிய விக்கிரகத்துக்குப் பூசை பண்றவனுக்குத் தரமாட்டேன்" என்றார்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"கேட்டா இதான் பதில்."

சொல்லிவிட்டு மேலங்கி பறக்க, ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் ரபி மல்லூக்கிடம் ஓடினார். தோட்டம் எங்கேயும் ஓடிவிடாது, பாவம் ஓடிவிடும் என்று அவசரம்.

ரபி மல்லூக் அத்திமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஊரில் அவர் விழித்திருந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனால் தூக்கத்தில் அவர் சொன்ன தீர்ப்புகளே திபேரியா பாடசாலையில் விழித்திருப்பவர்கள் சொன்னதைவிட நன்றாக இருக்கும். எழுப்பி விஷயத்தைச் சொன்னதும் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வந்த பிறகு, விக்கிரகத்தைப் பார்க்கக்கூடாதே என்று நினைவு வந்து, குவியலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்காரப் போனார். அந்தக் கல்லும் குவியலைச் சேர்ந்ததாக இருந்தால் என்ன செய்வது என்று எழுந்து நின்றார். அதற்குள் ஊரே திரண்டுவிட்டது. எல்லோரும் குவியலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நிக்கியாஸ் மட்டும் சாமியைப் பார்த்தபடி, பெருமை தாங்காமல், கோழிகளை விலக்கி எல்லோருக்கும் இடம் செய்துகொடுத்தான். தபித்தா இடுப்பில் மீன் கத்தியோடே வந்து முன்வரிசையில் நின்றாள். காற்று அவளைத் தாண்டி வந்ததும் பின்வரிசை இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.

"பெரேக்யா, எறியும்போது மனசுல என்ன இருந்துச்சு?" என்றார் ரபி.

"கேவலப்படுத்தணும்னுதான் ரபி. சத்தியமா. என் மனசார அதை அவமானப்படுத்தினேன்."

நிக்கியாஸின் முகத்திலிருந்த சிரிப்பு கழன்று விழுந்தது.

"என்ன சொன்னீங்க?"

ரபி தாடியைக் கோதிக்கொண்டு தீர்ப்பைத் தொடங்கினார்.

"கல்லால கும்பிடுற சாமியக் கல்லால அடிச்சா அது கும்பிட்டதாத்தான் கணக்கு. மனசுல வசவு இருந்தாலும் கையில பூசை இருந்துச்சு. சட்டம் அப்படி. ஆனா தெரியாம செஞ்சது. ஆலயம் இருந்தா ஒரு பலி குடுத்துட்டுப் போயிரலாம். அதைத்தான் ரோமாபுரிப் படை இடிச்சுப் போட்டுருச்சே. இனிமே செய்யலேன்னு மனசுல வச்சுக்க. போ."

"ரபி, இது மெர்குலிஸ்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"பேரைச் சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்களும் சொல்லல. நான் இது வேற ஏதோ சாமின்னு நெனச்சிட்டேன்."

மத்தனியா முன்னால் வந்தார். "பாவம் மன்னிக்கப்படட்டும், நான் வேணாங்கல. ஆனா இப்படிப்பட்ட கையில என் தங்கச்சி கையக் குடுக்க முடியாது. அந்த அருவருப்புக்கு உச்சியில கல்லு வச்ச கை அது."

பெரேக்யா தன் கையைப் பார்த்தார். தபித்தாவைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது, மிச்சமுள்ள காலத்தைக் கழுதையோடுதான் பேசிக் கழிக்க வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டார்.

அப்போதுதான் நிக்கியாஸ் கரகரத்த குரலில் கேட்டான். "அப்ப அந்தப் பெரியவரும் திட்டத்தான் வந்தாரா?"

"எந்தப் பெரியவர்?" என்றார் ரபி.

"விடியக்காலம் வருவாரே. தலையோட மேலங்கிய மூடிக்கிட்டு, ஓரத்துல நீலக் குஞ்சம் தொங்கும். உங்க பாஷையில ஏதோ நீளமா ஓதுவார். அப்புறம் ஒண்ணு இல்ல, மூணு கல்லு. மழையானாலும் தவறமாட்டார். காய்ச்சல் வந்தப்பக்கூட இருமிக்கிட்டே வந்து போட்டுட்டுப் போனார். அவருதான் இந்தச் சாமிக்குத் தலையாய பக்தர்னு பெத்செயான்ல இருக்கிற பூசாரிக்கெல்லாம் நான் சொல்லி வச்சிருக்கேன். அவங்க ஒரு பட்டம் குடுக்கணும்னுகூடப் பேசிக்கிட்டாங்க."

ஊர் மொத்தமும் மெல்ல மத்தனியாவின் மேலங்கிக் குஞ்சங்களைப் பார்த்தது. நீலம்.

மத்தனியா இருமினார். இருமியிருக்கக்கூடாது.

"அதே இருமல்தான்" என்றான் நிக்கியாஸ்.

ரபி மல்லூக், வேறு யாரெல்லாம் என்று கேட்டார். ஆளாளுக்குத் தன் செருப்பில் ஏதோ தேட ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் நிமிர்ந்திருந்த ஒரே தலை தபித்தாவுடையது.

"நானும் எறிஞ்சிருக்கேன் ரபி. வெள்ளிக்கிழமை தோறும். ஆனா ஒண்ணுகூடப் பட்டதில்ல. எனக்குக் குறி வராது."

"நீங்கதானா?" என்றான் நிக்கியாஸ். "என் கோழிங்க வெள்ளிக்கிழமைன்னா ஏன் கூரைமேல ஏறிக்குதுன்னு இத்தனை நாளா யோசிச்சிட்டிருந்தேன்."

சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தவர்கள் மூக்கு வழியாகச் சிரித்தார்கள். ஜெபாலயத்துக் கூரை வேய்பவர் சிரிப்புத் தாங்கமாட்டாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். மத்தனியாவால் மட்டும் தாங்க முடியவில்லை. "என் கல்லை நான் திரும்ப எடுத்துக்கிறேன்" என்று கத்திக்கொண்டே முகத்தைக் கிழக்கே திருப்பியபடி பின்பக்கமாகவே ஓடி, குவியலில் கையைவிட்டு ஒரு கல்லைப் பிடுங்கினார்.

"எடுக்காத" என்று ரபி அலறினார். "எடுக்கறதும் பூசைதான். ஒரு கல்லை எடுத்தா அடுத்த கல்லுக்கு இடம் பண்ணிக் குடுத்ததாயிரும்."

மத்தனியா உறைந்தார். "அப்ப திருப்பி வச்சிடறேன்."

"வச்சா போட்டதாயிரும்."

"கீழ விட்டா?"

"குவியலுக்குப் பக்கத்துல விழுந்தாலும் சேந்ததுதான்."

"அப்ப நான் என்ன செய்ய?"

ரபி கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்று ஊர் பயந்தது. "அப்படியே நில்லு" என்றார் கடைசியில்.

மத்தனியா நின்றார். இரண்டு கையிலும் ஏந்தியபடி ஒரு தர்ப்பூசணி அளவு கல். வெயில் ஏறியது. யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? ஒருவர் கல்லோடே கையைத் துணியில் கட்டித் தொங்கவிடலாம் என்றார். ஒருவர் அங்கேயே வீடு கட்டிக் கொடுக்கலாம் என்றார். மத்தனியாவின் முழங்கை ஆட ஆரம்பித்தது. மூக்கு நுனியில் ஈ வந்து உட்கார்ந்தது. ஓட்டக் கையில்லை. ஈக்கு அவ்வளவு நிம்மதியான இடம் அதன் பரம்பரையிலேயே கிடைத்திருக்காது.

"புறசாதியான் கையால அதை ஒரு மூலை ஒடச்சிட்டா போதும்" என்றார் ரபி. "அவன் சாமிய அவனே ஒடச்சு வேணாம்னுட்டா அப்புறம் அது வெறும் கல்லு. யார் வேணாலும் எங்க வேணாலும் போடலாம். ஆனா அவனா மனசு வந்து செய்யணும்."

எல்லோரும் நிக்கியாஸைத் தேடினார்கள். அவன் குடிசை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒருவர் கேட்டார், இருவர் கேட்டார்கள். அவன் திரும்பவில்லை.

பெரேக்யா போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தன் கல்யாணத்தைக் கெடுத்த ஆள் கல்லோடே நிற்கட்டும் என்று விட்டுவிட அவருக்கும் ஒரு கணம் ஆசைதான். ஆனால் அங்கே ஆடிக்கொண்டிருந்தது தபித்தாவுக்கு இருக்கிற ஒரே அண்ணனின் முழங்கை.

"கோவமா நிக்கியாஸ்?"

"கோவமா, என்ன பேச்சு பேசறீங்க அண்ணே. நான் தனி ஆளு. விடிஞ்சா டொக்கு டொக்குன்னு கல்லு விழுற சத்தம் கேக்கும். சரி, நம்ம ஆளுங்க நாலு பேர் இருக்காங்கன்னு நெனச்சுக்குவேன். இப்ப பாத்தா அத்தனையும் வசவு."

"வசவுதான். நான் ஒளிக்கல. எங்க கடவுள் ஒருத்தர்தான், வேற எதுக்கும் கையெடுக்கக்கூடாதுன்னு எங்களுக்குக் கட்டளை. அதான் திட்டினோம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. கும்பிடுற உன் ஆளுங்க உங்க சாமிய மறந்தே போயிட்டாங்க. திட்டுற நாங்க ஒரு நாள்கூட மறக்கலையே. எங்க கடவுளையே நாங்க இவ்வளவு ஒழுங்கா நெனச்சதில்ல."

நிக்கியாஸ் முதலில் தோளைக் குலுக்கினான். அழுகிறான் என்றுதான் பெரேக்யா நினைத்தார். பிறகு அந்தக் குலுக்கல் வயிற்றுக்கு இறங்கியது. அவன் சிரித்த சிரிப்பில் கோழிகள் எல்லாம், வெள்ளிக்கிழமை இல்லாமலே, கூரைமேல் ஏறின.

"எங்க மெர்குலிஸ் யாருன்னு தெரியுமா அண்ணே? திருடனுக்கும் ஏமாத்துறவனுக்கும் சாமி. ஒரு ஊரையே, அதுவும் உங்க ஊரை, பரம்பரை பரம்பரையா ஏமாத்திப் பூசை வாங்கியிருக்கான் பாருங்க. இதைவிட அவனுக்கு என்ன மரியாதை வேணும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வாங்க. அந்தப் பெரியவர் கையில இருக்கிறத ஒடச்சுத் தரேன்."

"கொஞ்சம் இரு" என்றாள் தபித்தா.

எல்லோரும் நின்றார்கள். அவள் அண்ணன் எதிரே போய், மீன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் மூக்கிலிருந்த ஈயை ஓட்டினாள். ஓட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணா. விதவைக்குக் கல்யாணம் வியாழக்கிழமைதானே பண்ணுவாங்க?"

"இப்ப எதுக்கு அது?" என்றார் மத்தனியா பல்லைக் கடித்துக்கொண்டு.

"வர்ற வியாழக்கிழமை நல்லா இருக்கும்னு தோணுது. உச்சியில ஒரு கல்லு வச்ச கை ஆகாதுன்னா, தெனம் மூணு கல்லு வச்ச கைய நான் அண்ணன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கலாமா? நீயே சொல்லு. அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு."

"தபித்தா, கை போகுது."

"யோசி யோசி."

மத்தனியா பெரேக்யாவைப் பார்த்தார். பெரேக்யாவுக்கு அந்தப் பார்வையில் முதல்தடவையாக ஒரு மைத்துனர் தெரிந்தார்.

"அந்தாளு நல்லவன்தான்" என்றார் மத்தனியா. குரல் கல்லுக்கு அடியிலிருந்து வந்ததுபோல வந்தது. "நான் எப்ப கெட்டவன்னு சொன்னேன்? வியாழக்கிழமை. நானே வந்து நிக்கிறேன். சாட்சியாக் கையெழுத்தும் போடறேன், கைன்னு ஒண்ணு மிச்சம் இருந்தா."

"கேட்டீங்களா எல்லாரும்?" என்று தபித்தா ஊரைப் பார்த்துத் திரும்பினாள். ஊர் கேட்டது என்று சொன்ன சத்தம் ஏரிக்கு அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

நிக்கியாஸ் கல்லை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பாகம் சரியில்லை, இது எப்பவும் உருண்டுகொண்டே இருந்த கல், போகட்டும் என்று சொல்லி இன்னொரு கல்லில் அடித்தான். ஒரு மூலை தெறித்து விழுந்தது. ரபி மல்லூக், முதுகைக் காட்டியபடியே, அந்தச் சத்தத்தைக் கேட்டு, "இப்ப அது கல்லு" என்று தீர்ப்புச் சொன்னார். மத்தனியா அப்படியே உட்கார்ந்தார். அவர் கை மட்டும் அன்று மாலைவரை ஏதோ ஏந்திக்கொண்டிருப்பதுபோல வளைந்தே இருந்தது. போகிறவர்கள் அதில் அத்திப்பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை செக்கு முற்றத்தில் கல்யாணம் நடந்தது. நிக்கியாஸ் வந்தான். திராட்சரசத்தை அவன் தொட்டால் மற்றவர்கள் குடிக்கமுடியாது என்பதால் அவனுக்குத் தனி ஜாடி, தனி மூலை. மூலையில் உட்கார்ந்தவன் மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் குடித்தான் என்பதும் நியாயம்தான். மத்தனியா கையெழுத்துப் போட்டார், கோணலாகப் போட்டார். மேளம் தட்டத் தட்ட ரபி மல்லூக்கே எழுந்து, இரண்டு கையிலும் மணக்கும் இலைகள் கொண்ட மிருதுச் செடிக் கொத்துகளை எடுத்து, மேலே எறிந்து எறிந்து பிடித்தபடி மணப்பெண் முன்னால் ஆடினார். அவர் ஆடி ஊர் பார்த்ததில்லை. தாடி ஒரு பக்கம், மேலங்கி ஒரு பக்கம், மிருதுக் கொத்து இன்னொரு பக்கம்.

மூலையிலிருந்து நிக்கியாஸ் மரியாதையாக எழுந்து நின்று கேட்டான். "இப்படி இலையத் தூக்கிப் போட்டு ஆடறீங்களே, இது எந்தச் சாமிக்கு?"

மேளம் நின்றது. மத்தனியா வாயருகே கொண்டுபோன ரொட்டியோடு நின்றார். ஊர் முழுக்கத் தன் தன் கையைப் பார்த்தது. மேலே போன கொத்தை ரபி பிடித்தார். மூச்சு வாங்கினார். தபித்தாவைப் பார்த்தார், பெரேக்யாவைப் பார்த்தார், கண்ணை மூடி யோசித்தார். இந்தமுறை நெடுநேரம் எடுக்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு சிரிக்கறதுக்கு" என்றார். "சிரிக்கலேன்னா சொல்லு, இன்னும் நல்லா ஆடறேன்."

தபித்தா ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள். பெரேக்யாவுக்கு மேளம் மறுபடி தொடங்கியதே காதில் விழவில்லை.